ஒளி பட்டால் தெளியும் நீர்

பாலி நிப்பாம் என்று ஆய்வுக்கூடங்களில் அழைக்கப்படும் பாலிமர் ஒன்று உண்டு. அது கரைந்த நீர் பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். ஆனால் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு ஏறியதும் அரிசி களைந்த கழுநீர்போல் வெளுத்துவிடும், ஆறியதும் தெளிந்துவிடும். குளிர்ச்சியில் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு நீண்டு கிடக்கும் இழைகள், சூட்டில் அவற்றை உதறிச் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதே காரணம்.

இதை ஒளியால் நடத்திக்காட்ட முடியுமா? 1990இல் சுசுகி, டனாகா என்ற ஆய்வாளர்கள் இந்தப் பாலிமரின் ஜெல்லில் குளோரோபிலின் என்ற பச்சை நிறமியைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஜெல் சுருங்கியது. அழகான சோதனைதான். ஆனால் அங்கே ஒளி நிறமியைச் சூடாக்கியது; ஜெல்லைச் சுருக்கியது அந்தச் சூடு.

என் மனம் ஒன்றிப்போனது, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜப்பானில் மசாஹிரோ இரியே செய்த வேலையில். அவர் இதே பாலிமரின் இழையிலேயே ஆங்காங்கே அசோபென்சீன் என்ற மூலக்கூறைக் கோத்தார். அது நிமிர்ந்து தட்டையாக இருக்கும்போது நீரோடு ஒட்டாது. புற ஊதா ஒளி பட்டதும் இடுப்பொடிந்து வளைகிறது. வளைந்த உருவம் நீரோடு கூடுதலாக இணங்கும். அதனால் கரைசல் வெளுக்கும் வெப்பநிலையே சில டிகிரி மேலே போகிறது. பழைய வரம்புக்கும் புதிய வரம்புக்கும் இடையில் கரைசல் உள்ள குழாயை நிறுத்திப் பாருங்கள். வெப்பம் துளியும் மாறவில்லை. புற ஊதா ஒளியில் கலங்கல் தெளிகிறது, நீல ஒளியில் மறுபடி கலங்குகிறது. அமிலமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். நீரில் எந்தக் கழிவும் சேர்வதில்லை. ஒளி எந்த இடத்தில் விழுகிறதோ அங்கே மட்டும் மாற்றம். இந்தத் துல்லியத்துக்காகவே இதை உயர்ந்த கலை என்கிறேன்.

2002இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதே உத்தியை ஒரு நொதிக்குப் பயன்படுத்தினார்கள். நொதி வேலைசெய்யும் வாசலருகே அசோபென்சீன் பாலிமரைப் பிணைத்ததும், ஒரு நிற ஒளியில் நொதி இயங்கியது, இன்னொரு நிறத்தில் அடங்கியது.

குறையும் உண்டு. வளைந்த அசோபென்சீன் இருட்டில் தானாகவே மெல்ல நிமிர்ந்துவிடும். புற ஊதா ஒளி செல்களுக்குக் கேடு செய்யும்; தோலைத் தாண்டி ஆழமாகப் போகவும் செய்யாது. அதனால்தான் சிவப்பு ஒளிக்கே வளையும் அசோபென்சீன்களை வேதியியலாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். சிவப்பு ஒளி தசைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். உடலுக்குள் மருந்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் விடுவிக்க நினைப்பவர்களுக்கு இந்த வழிதான் உகந்தது என்பது என் கருத்து.