பத்திரிகைத் துண்டில் பிறந்த வழக்கு



ஓர் ஊரின் சரித்திரத்தைப் பழைய பத்திரிகைத் துண்டுகளைக் கொண்டு பார்ப்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேசலாமென்று இருக்கின்றேன். ராஜாக்கள் சரித்திரம் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஸ்தல புராணத்திற்கோ கேட்கவே வேண்டாம். ஒரு சின்ன ஊரில் ஜனங்கள் என்ன செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பதற்கு மாத்திரம் மளிகைப் பொட்டலம் கட்டிய காகிதந்தான் சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது. "ஏட்டில் இருக்கிறது" என்பவனைப் பார்த்துச் சிரிக்கின்ற நாம், "பேப்பரில் வந்திருக்கிறது" என்றவுடன் வாயை மூடிக் கொள்ளுகிறோமே, இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில் டேட்டன் என்று ஓர் ஊர். 1925-ல் அதன் ஜனத்தொகை சுமார் 1,800. நிலக்கரியும் இரும்பு உலையுமாக ஒரு காலத்தில் செழித்திருந்து, உலை அணைந்த பிறகு இளைத்துப்போன ஊர். அந்த வருஷம் மார்ச்சில் டென்னஸி சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். மனிதன் கீழ்ப்பட்ட பிராணிகளிலிருந்து வந்தவன் என்று சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் எந்த உபாத்தியாயராவது சொல்லிக் கொடுத்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். மே 4-ந் தேதி, பக்கத்துப் பட்டணமாகிய சட்டனூகாவின் தினசரியில் ஒரு சேதி வந்தது. இந்தச் சட்டத்தைக் கோர்ட்டில் பரீக்ஷித்துப் பார்க்க முன்வரும் உபாத்தியாயருக்கு நாங்கள் துணை நிற்கிறோம் என்று அமெரிக்க சிவில் உரிமைச் சங்கத்தார் அறிவித்திருந்தார்கள்.

அந்தத் துண்டைக் கையில் பிடித்துக் கொண்டு, சுரங்கக் கம்பெனி நிர்வாகியான ராப்பல்யே என்பவர் மறுநாள் ராபின்ஸன் மருந்துக் கடைக்குப் போனார். இந்த வழக்கு நம் ஊரில் நடந்தால் ஊரின் பேர் நாடெங்கும் அடிபடும், நாலு பேர் வருவார்கள், நாலு காசு புழங்கும் என்பது யோசனை. கடை முதலாளியோ ஜில்லாப் பள்ளிக்கூடச் சபையின் தலைவர்! டென்னிஸ் ஆடிக் கொண்டிருந்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது உபாத்தியாயருக்கு ஆள் போயிற்று. அவர் கால்பந்து சொல்லிக் கொடுப்பவர். பிராணி நூல் உபாத்தியாயர் வராத நாட்களில் அந்த வகுப்பைப் பார்த்துக் கொண்டவர். குறிப்பிட்ட பாடத்தைத் தாம் நடத்தியதாகவே அவருக்கு நிச்சயமில்லை. ஆனாலும் ஒப்புக் கொண்டார். அந்தப் பாடம் அடங்கிய புத்தகமோ சர்க்கார் அங்கீகாரம் பெற்று, அதே மருந்துக் கடையில் விற்கப்பட்டு வந்தது. சட்டமும் சர்க்காருடையது, அங்கீகாரமும் சர்க்காருடையது, குற்றவாளி மாத்திரம் உபாத்தியாயர்!

ஜூலை 10-ந் தேதி விசாரணை ஆரம்பம். நூற்றுக்கு மேற்பட்ட நிருபர்கள் வந்து குவிந்தார்கள். சட்டத்தின் பக்கம் மூன்று தடவை ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நின்று தோற்ற பிரையன். எதிர்ப்பக்கம் பிரபல வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. கடைவீதியில் குரங்குப் பொம்மைகள். டார்வின் என்றே பெயருள்ள ஒரு துணிக்கடைக்காரர், டார்வின் சொல்வதே சரி என்று பலகை மாட்டி, கடைக்கு உள்ளே என்று சிறிய எழுத்தில் சேர்த்துக் கொண்டார். வியாபாரி எந்தத் தேசத்திலும் வியாபாரிதான்.

இனி அந்த நிருபர்களைப் பாருங்கள். அவர்களில் பேர்போனவர் பால்டிமோர் பத்திரிகையின் மெங்கன். அவருடைய முதல் கடிதத்தில், கேவலமான ஒரு பட்டிக்காட்டை எதிர்பார்த்து வந்தேன், அழகான ஊராக இருக்கக் கண்டு ஆச்சரியப்பட்டேன் என்ற பொருள்பட எழுதினார். சில தினங்களில் அதே ஜனங்களை மூடர் கூட்டமென்று வைது தள்ளினார். உலகம் எடுத்து வைத்துக் கொண்டது இரண்டாவது துண்டைத்தான். பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, சூரியன் நின்றதா, பூமிக்கு வயது என்ன என்று டாரோ குடைந்தெடுத்தது ஜூலை 20-ந் தேதி, கோர்ட்டுக்கு வெளியே புல்வெளியில். சிருஷ்டி நாள் ஒன்றுக்கு 24 மணி என்று கொள்ள வேண்டியதில்லை என்று பிரையன் அன்று ஒப்புக் கொண்டார். அந்த நாளில் மெங்கன் ஊரிலேயே இல்லை. முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். ஜூரிகளும் அதைக் கேட்கவில்லை. மறுநாள் ஒன்பது நிமிஷத்தில் குற்றவாளி என்றார்கள். 100 டாலர் அபராதம்.

பிறகு 1955-ல் இந்தக் கதையைத் தழுவி ‘இன்ஹெரிட் தி விண்ட்’ என்ற நாடகமும், 1960-ல் சினிமாவும் வந்தன. அதில் உபாத்தியாயர் ஜெயிலில் கிடக்கிறார், ஊரே அவர்மேல் பாய்கிறது, எதிர் வக்கீல் கோர்ட்டிலேயே சுருண்டு விழுந்து சாகிறார். இது சரித்திரமல்ல என்று நாடகாசிரியர்களே எழுதி வைத்தார்கள். எழுதி என்ன? பார்த்தவர்கள் டேட்டனை அப்படியே நம்பினார்கள். உண்மையில் ஸ்கோப்ஸ் ஜெயிலில் இருக்கவில்லை. அவர்மேல் வழக்கு நடத்திய உள்ளூர் வக்கீல்களில் ஒருவர் அவருடைய சிநேகிதர். பிரையன் இறந்தது தீர்ப்புக்கு ஐந்து நாள் கழித்து, பகல் தூக்கத்தில்.

"தோழரே, இந்தப் புளுகு நம் பக்ஷத்துக்கு அனுகூலமானதுதானே, இதை ஏன் கிளறுகிறீர்?" என்று சிலர் கேட்கலாம். நமக்கு அனுகூலமான புளுகை நாம் விட்டு வைத்தால், புராணக்காரனிடம் போய் ஆதாரம் கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஊர் ஜனங்களை ராக்ஷசர்களாக்கி விட்டால், அந்தச் சட்டம் எப்படி நிலைத்தது என்பதும் தெரியாமல் போய்விடும். மேல் கோர்ட்டு 1927-ல் அபராதத்தைத் தள்ளியதற்குக் காரணம், அதை ஜூரிக்குப் பதிலாக ஜட்ஜ் விதித்துவிட்டார் என்பதே. சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பு. அது 1967 வரையில் இருந்தது. இருக்கச் செய்தவர்கள் வெறி பிடித்தவர்களல்ல. விருந்தாளிக்குச் சோறு போடுகிற நல்ல மனிதர்கள். அதுதான் கஷ்டம்.

இன்னொரு விஷயம். எந்தப் புத்தகத்துக்காக இவ்வளவு ரகளை நடந்ததோ, அதே பாட புத்தகத்தில் மனித ஜாதி ஐந்து வகுப்பு என்றும் அவற்றில் மேலானவர்கள் வெள்ளையரே என்றும் அச்சிட்டிருந்தது. பிறப்பினால் மேல், பிறப்பினால் கீழ்! நமக்குப் புதிதா இது? மனுவின் பேரால் வந்தாலென்ன, விஞ்ஞானத்தின் பேரால் வந்தாலென்ன? குரங்கு என்ற சொல்லுக்கு 500 டாலர் வரை அபராதம் விதித்த டென்னஸி சட்டம், இந்தப் பக்கத்துக்கு ஒரு டாலர்கூட விதிக்கவில்லை.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எனக்குத் தெரிந்த மட்டில் பதில் சொல்லுகிறேன்.