கொற்றலையாற்றங்கரையில் ஓரிரவு



ஆவடிக்கு வடக்கே ஓடி எண்ணூரில் கடல்சேரும் கொற்றலையாற்றை அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தார் நன்கறிவர். கோடையில் அது வெறும் மணற்பரப்பு. மேற்கே மழை கொட்டினால் ஓரிரவில் வெள்ளக்காடு. 1780ஆம் ஆண்டில் ஒரு படையின் ஊழை அவ்வாறே முடிவுசெய்தது.

அவ்வாண்டு சூலைத் திங்களில் மைசூரை ஆண்ட ஐதரலி ஏறத்தாழ 80,000 பேருடன் கணவாய் கடந்து ஆர்க்காட்டு நாட்டில் இறங்கினான். கிழக்கிந்தியக் குழுமத்தின் படைத்தலைவன் எக்டர் மன்றோ பரங்கிமலையில் படைதிரட்டிக் காஞ்சிக்குச் செல்லத் துணிந்தான். குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லியின் படையும் காஞ்சிக்கே வருக என்பது ஆணை. அப்படையினர் ஏறத்தாழ 2,800 பேர். வெள்ளையர் 200 அளவினரே. ஏனையோர் தென்னாட்டுக் காலாட்படைஞர்.

ஆகத்து 25ஆம் நாள் பெய்லி கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தான். ஆற்றில் நீர் மிகுதியில்லை, அன்றே கடந்திருக்கலாம். கடவாது வடகரையில் பாசறை அமைத்தான். இரவில் வெள்ளம் வந்தது. பத்து நாள் அளவு படை அங்கேயே முடங்கிற்று. அந்நாள்கள் ஐதரலிக்கு வாய்த்தன. பெய்லியை மறிக்க மகன் திப்புவை அனுப்பினான்.

ஆறு கடந்த படையைச் செபுதம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினான். காஞ்சியிலிருந்த மன்றோ தன் முழுப்படையுடன் வரவில்லை. பிளெச்சர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் விடுத்தான். 10ஆம் நாள் புள்ளலூரில் ஐதரலியின் பெரும்படை சூழ்ந்தது. மைசூராரின் எரிவாணங்கள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் சீரங்கப்பட்டணத்தில் மாண்டான். மன்றோ பெரும்பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினான்.

பிழை பெய்லியினதா, மன்றோவினதா என்று ஆங்கிலேயர் ஏடேடாக எழுதினர். நடந்தவரையும் மடிந்தவரையும் பற்றி எழுதியது எத்துணை? மறுவாண்டு அதே களத்தில் நிகழ்ந்த போரில் மாண்ட ஆங்கிலத் தலைவர் இருவர்க்குப் புள்ளலூரில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. காலாட்படைஞர்க்கு ஒரு நடுகல் இல்லை.

கரந்தையில் ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கும் பெயர் பொறித்துக் கல்நட்ட நாடு இது. ஊரைக் காக்க வீழ்ந்தவன் கல்லானான். கூலிக்காக அயலான் கொடியின்கீழ் வீழ்ந்தவன் வெறும் எண்ணிக்கையானான். கொற்றலையில் வெள்ளம் வரும்போதெல்லாம் அவ்வேறுபாடு நினைக்கத்தக்கது.