மூடிய அறையும் கரிக் கங்கும்

(நீலகிரி மாவட்டத்தில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளிர்காலப் பாதுகாப்பு பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை நம் மலையில் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புல்வெளி வெள்ளையாகிவிடும். குழாயைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். ஆனால் குளிரைவிட, குளிரை விரட்ட நாம் செய்யும் காரியங்களே பல வேளைகளில் உயிருக்கு உலை வைக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இன்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அரையாண்டுத் தேர்வு நேரம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாட்களாகக் காலையில் மேசைமேல் தலை சாய்த்துப் படுத்திருந்தாள். கேட்டதற்கு, "தலை வலிக்குது சார்" என்றாள். "ராத்திரி சீக்கிரம் தூங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். நான்காம் நாள் அவளே சொன்னாள்: "வீட்டுல எல்லாருக்கும் தலைவலி சார். தம்பி வாந்தி எடுத்தான். ஸ்கூலுக்கு வந்தா கொஞ்ச நேரத்துல சரியாயிடுது."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே தலைமையாசிரியையும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு, ஒரே அறை. ஜன்னல் இடுக்கில் சாக்கு திணித்திருந்தார்கள். கதவடியில் பழைய துணி. அறையின் நடுவே இரும்புச் சட்டியில் கரி. நான் விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய அப்பா தயங்கியபடி, "புகை அடங்கின பிறகுதானே சார் உள்ளே கொண்டு வர்றோம்" என்றார்.

அவர் பிள்ளைகள்மீது அக்கறை இல்லாதவர் அல்ல. புகை இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நம்பியவர். குற்றம் என்னுடையது. முழுமையற்ற எரிதலில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் அறிவியல் ஆசிரியர் நான். மூன்று நாட்கள் என் கண்முன் படுத்திருந்த பிள்ளையிடம் அதை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், எழுந்து வெளியே ஓடுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இது ஒட்டிக்கொள்கிறது. உடலுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது. நினைவிழந்து அப்படியே உயிர் பிரிந்துவிடலாம். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை இது சீக்கிரம் பாதிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை இவை. குளிர்காலத்தில் ஒரு பிள்ளை காலையில் தலைவலி என்றால், மூன்று கேள்விகள் கேளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் வலிக்கிறதா? வெளியே வந்ததும் குறைகிறதா? இரவில் அறைக்குள் கரி வைத்தீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள், பெற்றோரிடமும் பேசுங்கள்.

பெற்றோரிடம் 'கரியே வைக்காதீர்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் கேட்க மாட்டார்கள், குளிருமே! கதவு, ஜன்னல் திறந்திருக்கும்போது குளிர் காய்ந்துவிட்டு, படுப்பதற்கு முன் சட்டியை வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு கங்கோடு தூங்குவதும் பாதுகாப்பு அல்ல. கம்பளிக்கு உள்ளே இரண்டு மூன்று பருத்தி ஆடைகள், காலுறை, குல்லாய், துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஆகியவை கங்கின் வேலையைப் பெருமளவு செய்யும்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து, உடனே அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, 108-ஐ அழைக்க வேண்டும். மீட்கப் போகிறவரும் உள்ளே நிற்கக் கூடாது. மருத்துவரிடம் 'அறையில் கரி இருந்தது' என்று மறக்காமல் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த நச்சில் ஆக்சிஜன் சரியாக இருப்பதுபோலவே காட்டக்கூடும்.

அந்த மாணவியின் வீட்டில் அன்றிரவே கரிச்சட்டி வாசலுக்குப் போனது. இரண்டு நாளில் அவள் வகுப்பில் பழையபடி கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாள். அடுத்த வாரம் லைனில் இருந்த மற்ற வீடுகளுக்கும் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் போயிருந்தால் 'சார் வந்துட்டார்' என்று மரியாதைக்குத் தலையாட்டியிருப்பார்கள். அவள் சொன்னதால் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

ஆகவே, நாளை காலை வணக்கக் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாலையில் வீட்டில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள், "யார் வீட்டில் சட்டி வெளியே போனது?" என்று கேளுங்கள். கையைத் தூக்காத பிள்ளையின் வீட்டுக்கு நாம் ஒருமுறை போய்வருவோம்.