பசுவின் பருவமும் உழவரின் கவனமும்

(ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லை" என்னும் முறையீட்டைக் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம். குறை பல வேளைகளில் மாட்டினிடம் இல்லை. பருவத்தை நாம் கண்டறிந்த நேரத்தில் உள்ளது. ஆகவே, பருவம் எவ்வாறு வருகிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

பசுவின் மூளையினடியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. அங்கு உண்டாகும் ஒரு ஹார்மோன், கீழே அமைந்துள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவுகிறது. இதன் அமைப்பை ஆராய்ந்து கண்ட ஷாலி, கில்லமின் ஆகிய அறிஞர்கள் 1977-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பிட்யூட்டரியின் ஏவலால் சினைப்பையில் முட்டைக் கொப்புளம் வளர்ந்து, எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தின் வழியே மூளையை அடைந்ததும் பசுவின் நடத்தையே மாறிவிடுகிறது. மற்ற நாட்களில் தன்மேல் தாவும் மாட்டை விட்டு விலகியோடும் பசு, அன்று அசையாது நிற்கும். இது அது கற்றுக்கொண்ட பழக்கமன்று. ஹார்மோன் ஆயத்தம் செய்த மூளை, தொடுகைக்குத் தானே விடுக்கும் மறுவினை. இதுவே உறுதியான அறிகுறி. தனியே கட்டப்பட்ட பசுவில் இதனைக் காண இயலாது. ஆதலின் கத்துதல், கண்ணாடி போன்ற சளி வழிதல், பால் குறைதல் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும்.

பருவம் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். அது தணிந்து 10 அல்லது 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிப்படும். எனவே, காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டல் செய்விக்க வேண்டும். தவறினால் ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருக்க நேரும். கன்றும் பாலும் அத்தனை நாள் தள்ளிப் போகும். தீவனச் செலவோ நிற்காது.

எருமையில் அறிகுறிகள் மங்கலாகவே தோன்றும். கோடையில் இன்னும் குறையும். ஆகவே விடியற்காலையிலும் இரவிலும் பார்க்க வேண்டும். போதிய தீவனமின்றி மெலிந்த மாட்டின் மூளையோ, முன் சொன்ன ஹார்மோனையே குறைத்துவிடும், பருவமே வராது. பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் தருவது இதற்காகவே.

ஒவ்வொரு வீட்டிலும் பருவம் கண்ட நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஊராட்சி உறுப்பினர்கள் கால்நடை மருந்தகத்துடன் கலந்து, உரிய வேளையில் கருவூட்டல் கிடைக்க வழி செய்யுங்கள். மாடு தன் குறிப்பைக் காட்டும்போது, அதனைக் காண நாம் தவறலாகாது.