பாட்டில் ஏறிய குதிரையும் ஏறாத குதிரையும்



திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவன்மீது பாடப்பெற்ற சிறுபாணாற்றுப்படை, கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்துகையில், திருக்கோவலூர் மலையமான் காரியையும் குறிப்பிடுகிறது. அவன் ஊர்ந்த குதிரையின் பெயரும் காரியே. தலைவனும் குதிரையும் ஒரே பெயரால் நின்ற பெருமை இம்மண்ணுக்கு உண்டு.

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளம் வயதிலேயே மாண்டான் தேசிங்கு. வரலாற்று ஏடுகளில் அவனுக்குக் கிடைத்த இடம் சிறிது. மக்கள் நாவில் கிடைத்த இடமோ பெரிது. எவருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அவன் அடக்கிய கதையைத் தெருக்கூத்தும் பெரிய எழுத்துப் புத்தகங்களும் ஊர்தோறும் கொண்டு சென்றன. கோட்டை சிதைந்தது, குதிரை சிதையவில்லை.

இவ்விரு குதிரைகளுக்கும் உடையவர் இருந்தனர். வள்ளலைப் பாடிய வாய் அவன் பரியையும் பாடியது. வீரனைப் பாடிய வாய் அவன் புரவியையும் பாடியது. உடையவர் இல்லாத குதிரையை யார் பாடுவர்?

அமெரிக்கர் ஒருவர் பாடினார். உரைநடையில், அதுவும் குழந்தைகளுக்காக. வர்ஜீனியாக் கடலோரத்தில் அசட்டீக் என்றொரு தீவு. அங்கே மட்டக்குதிரைகள் காட்டு விலங்குகளாய்த் திரிகின்றன. ஆண்டுதோறும் சூலைத் திங்களில் அவற்றைக் கால்வாய் நீந்தச் செய்து, அருகிலுள்ள சிங்கோட்டீக் தீவுக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஏலம் விடுவர். மார்கெரிட் ஹென்றி என்னும் எழுத்தாளர் அவ்விழாவை வைத்து 1947இல் ஒரு நூல் எழுதினார். மிஸ்டி என்னும் குட்டியையும் அதன் தாயையும் வாங்கக் காசு சேர்க்கும் இரு சிறுவர்களின் கதை அது. உண்மை மிஸ்டி பிறந்தது காட்டில் அன்று, ஒரு பண்ணையில். ஆயினும் புனைவு செய்த நன்மை மெய்யானது. 1962 மார்ச்சில் பெரும்புயல் வீசிக் குதிரைகள் பல மடிந்தபோது, மந்தையை மீட்கப் பொருள் திரட்டப்பட்டது. மிஸ்டியும் அதன் புதுக்குட்டியும் ஊரூராகச் சென்று மக்கள்முன் நின்றன. நூலைத் தழுவிய திரைப்படமும் காட்டப்பட்டது. உடையவர் இல்லாத குதிரைக்கு வாசகக் குழந்தைகளே உடையவர் ஆயினர்.

அத்தகைய குதிரை தமிழர்க்கும் உண்டு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்று அது. பவளக்கல் வேலிகளும் பனைகளும் நிறைந்த அத்தீவின் வெளிகளில் மட்டக்குதிரைகள் கூட்டங்கூட்டமாய் மேய்கின்றன. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. கொண்டுவந்தவர் போயினர், குதிரைகள் நின்றுவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் அறிவிப்பு தாகம் தீர்ப்பதில்லை. கோடையில் குட்டைகள் வற்றும், கிணறுகள் உவர்க்கும். வறட்சி மிகுந்த ஆண்டுகளில் நீரின்றிக் குதிரைகள் மடிந்திருக்கின்றன.

புயலில் மடிந்தவற்றுக்காக ஒரு நாடு கலங்கியது. தாகத்தால் மடிபவற்றுக்காகக் கலங்குவோர் சிலரே. அமெரிக்கக் குழந்தை மிஸ்டியைப் பெயர் சொல்லி அறியும். திண்டிவனத்துக் குழந்தைக்கோ நெடுந்தீவில் குதிரை உண்டு என்பதே தெரியாது. தெரியாததன்மேல் அன்பு பிறப்பதெங்ஙனம்?

கதை தண்ணீர்த் தொட்டி கட்டாது என்பர் சிலர். கட்டாதுதான். ஆனால் கட்டும் கைகளைக் கதை வளர்க்கும். பத்து வயதில் ஒரு குட்டியோடு தாகித்து நின்ற வாசகன், முப்பது வயதில் அத்தீவின் கிணற்றை மறவான்.

அன்பர்களே! பத்தாண்டு கண்ட வட்டத்தில் காதலும் சமூகமும் கவிதையாகியுள்ளன. குழந்தைக்கு இயற்றியவை எத்தனை? காரியைப் பாடிய மரபும் பாராசாரியைப் பாடிய மரபும் இம்மண்ணில் உள்ளன. தலைவனில்லாப் புரவிக்கு ஒரு பெயர் வைத்து, அதைத் தமிழ்க் குழந்தையின் கையில் கொடுப்பதே அடுத்த பத்தாண்டின் பணியாகட்டும்.