நெஞ்சுச் சளியும் பழுப்புப் பம்பும்

(திருகோணமலை சீனக்குடாப் பக்கம் குடியிருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு நிகழ்த்திய சுகாதார உரை)



தோட்டத்து லயங்களில் ரொட்டி சுடுகிற கோதுமை மா நிறைய இந்தச் சீனக்குடாவில்தான் அரைபடுகிறது. மலையில் தேயிலைத் தூசி. இங்கே மாத் தூசி, சீமெந்துத் தூசி. தேயிலைத் தூசியும் மாத் தூசியும் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். நாம் இழுப்பு என்போம், இந்த ஊரில் முட்டு என்பார்கள். நம் நாட்டு நெஞ்சு நோய் நிபுணர் டொக்டர் சி. ஜி. ஊரகொட, தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே எழுதியிருக்கிறார்.

இழுப்புக்காரருக்குப் பெரும்பாலும் இரண்டு பம்ப் கொடுப்பார்கள். ஒன்று நீலம், மற்றது பழுப்பு. "நீலத்தை அடிச்சா உடனே மூச்சு வருது. பழுப்பை அடிச்சா ஒண்ணுமே தெரியல்ல" என்று பழுப்பை மூலையில் போட்டுவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

மூச்சுக் குழாயின் உள்பக்கம் மெல்லிய தோல் போல ஒரு படை இருக்கிறது. அதில் ஒரு வகைச் செல்கள் சளியைச் சுரக்கும். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகைச் செல்களில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. அவை ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் அசைந்து, பேக்டரி பெல்ட்டில் கொழுந்து போகிற மாதிரி, சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடும்.

இழுப்பு வந்தால் அந்தப் படை வீங்கிப் புண்ணாகும். மயிரிழைச் செல்கள் உதிரும், சளிச் செல்கள் பெருகும். சுமை கூடிவிட்டது, பெல்ட்டோ பழுது. அதனால்தான் சளி பசையாகிக் குழாயை அடைக்கிறது.

நீலப் பம்ப் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். பழுப்புப் பம்பில் இருப்பது ஸ்டீரொய்ட். நமது சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பிகள் தினமும் சுரக்கும் ஹோர்மோனின் இனம் அது. செல்லுக்குள் புகுந்து, வீக்கத்தை உண்டாக்கும் வேலைகளை நிறுத்தச் சொல்லும். சளியும் குறையும். பின்லாந்து ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் ஸ்டீரொய்ட் இழுத்தவர்களின் குழாயில் மயிரிழைச் செல்கள் மறுபடி கூடியிருந்தன. தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் எடுத்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

உதிர்ந்த செல் ஒரு நாளில் முளைக்காது. கவ்வாத்து வெட்டிய செடி அடுத்த நாளே கொழுந்து தருமா? அதனால் சுகமான நாளிலும் டொக்டர் சொன்ன அளவில் தினமும் எடுக்க வேண்டும். பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் நீலப் பம்பை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டல்கள் 2019 முதல் சொல்லி வருகின்றன.

"ஸ்டீரொய்ட் உடம்பைக் கெடுக்கும்" என்ற பயமும் இருக்கிறது. மாத்திரையாக நெடுங்காலம் விழுங்கினால் எலும்பு தேயும், சீனி வருத்தமும் பிரஷரும் கூடலாம். அப்படி எடுப்பவர்கள் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பம்பில் போவது மிகச் சிறிய அளவு, அதுவும் நேரே நெஞ்சுக்கு. இழுத்த பின் வாய் கொப்புளித்துத் துப்புங்கள், வாயில் வெண்புண் வருவது குறையும்.

மருந்தோடு தூசியையும் புகையையும் குறைக்க வேண்டும். தூசி வேலையில் முகமூடி கேளுங்கள். விறகு அடுப்புப் புகை வெளியேற வழி செய்யுங்கள். சுருட்டு, பீடி, சிகரட் அந்த மயிரிழைகளையே முடக்கும்.

நீலப் பம்ப் அடித்தும் மூச்சு அடங்கவில்லையா? பேச முடியாமல் திணறுகிறாரா? உதடு நீலம் பாய்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பழுப்புப் பம்பைத் தேடி எடுங்கள். திகதி முடிந்திருந்தால் அடுத்த கிளினிக்கில் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.