அக்கரைக்குப் போன உபதேசிகளும் நம் வீட்டு மௌனமும்

(தருமபுரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரலாறு பத்திப் பேசணும்னு கூப்பிட்டீங்க. அதியமானைப் பத்திப் பேசலாம், தகடூரைப் பத்திப் பேசலாம். அதையெல்லாம் பேச நிறையப் பேர் இருக்காங்க. நான் உங்க பாட்டனைப் பத்திப் பேசப் போறேன். உங்க அப்பா பேரு உங்களுக்குத் தெரியும், தாத்தா பேரும் தெரியும். தாத்தாவோட அப்பா பேரு என்ன? இந்த அறையில எத்தனை பேரு சொல்லுவீங்க?

ஆதிக்க சாதிக்காரன் ஏழு தலைமுறை சொல்லுவான். அவனுக்கு ஞாபக சக்தி அதிகம் என்பதல்ல காரணம். நிலப் பத்திரம் இருக்கு, கோயில்ல முதல் மரியாதை இருக்கு, கர்ணம் எழுதி வச்ச கணக்கு இருக்கு. சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே பெயர் பத்திரமாக இருக்கும். நமக்குச் சொத்து மறுக்கப்பட்டது, அதோடு சேர்த்துப் பெயரும் மறுக்கப்பட்டது. வரலாறு இல்லாதவன் என்று நம்மைச் சொல்வது நம்மைக் கொள்ளையடித்ததன் இன்னொரு பெயர்தான்.

ஆனா நம்ம ஆட்கள் எங்கேயுமே எழுதப்படலையா? எழுதப்பட்டிருக்காங்க. நாம தேடாத இடங்கள்ல எழுதப்பட்டிருக்காங்க.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்து போனவர்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் கொடுத்தான். பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, உயரம் எல்லாவற்றையும் எழுதினான். நம்ம மேல அக்கறைப்பட்டு எழுதல. ஓடிப்போனா பிடிக்கணுமே, அதுக்காக எழுதினான். ஆனா அதனாலதான் இன்றைக்கு அந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி - லுத்துலி ஆவண மையத்தில் வைத்திருக்கிறார்கள். சாதிக் கட்டத்தில் 'பறையன்' என்று எழுதப்பட்டவர்கள் அதில் ஏராளம். சேலம் ஜில்லா என்று எழுதப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 1965 அக்டோபர் வரைக்கும் நம்ம தருமபுரி சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. தேடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. தருமபுரி ஜில்லா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கூலிகள் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களோடு உபதேசிகளும் போனார்கள், அது யாருக்கும் தெரியாது. மிஷனரி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருது? வெள்ளைக்காரன், தாடி, அங்கி, குதிரை. அவன் நம்ம ஊருக்கு வந்தான், நாம கேட்டோம். இவ்வளவுதான் நமக்குச் சொன்ன கதை. நம்ம ஆளே கப்பலேறி, வேற நாட்டில் போதகனாக நின்றான் என்பது அந்தக் கதையில் இல்லை.

இலங்கையைப் பாருங்கள். கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் நடந்து, மாலை நேரத்தில் லயத்து வாசலில் நின்று, எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் ஜெபம் சொல்லிக் கொடுத்ததும் தமிழ் உபதேசிகள்தான். வெள்ளைக்காரப் பாதிரியின் பெயர் மிஷன் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். இவர்கள் 'சுதேசி ஊழியர் இத்தனை பேர்' என்று ஒரு எண்ணிக்கையாக இருப்பார்கள். கூலிக்கு எண் கொடுத்தது தோட்ட முதலாளி. உபதேசிக்கு எண் கொடுத்தது சபை. இரண்டு இடத்திலும் நம்ம ஆள் எண்தான்.

பெயரோடு நிற்கிற ஒருவரைச் சொல்கிறேன். ஜான் ரங்கையா. நெல்லூர்க்காரர். 1903இல் குடும்பத்தோடு நேட்டாலுக்குப் போனார். அவரை அனுப்பியது வெள்ளைக்கார மிஷன் அல்ல. தெலுங்கு பாப்டிஸ்ட் சபையார் தாங்களே அமைத்துக்கொண்ட உள்நாட்டு மிஷன் சங்கம். அந்தச் சபைகளில் பெரும்பாலோர் யார்? மாதிகாக்கள், மாலாக்கள். 1878 ஜூலையில் ஓங்கோல் பக்கம் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினார்களே, அந்த மக்கள். தோல் வேலையும் பண்ணை வேலையும் செய்த மக்கள் காணிக்கை போட்டு, கடல் தாண்டிப் போன தங்கள் சனத்துக்கு ஒரு போதகரை அனுப்பினார்கள். ரங்கையா கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் தொடங்கி, 1915இல் இறக்கும் வரை நேட்டாலிலேயே இருந்தார். நம்ம மாவட்டத்தில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் தோழர்கள் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பௌத்தம். அயோத்திதாச பண்டிதர் 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய், சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கினார். அந்தச் சங்கம் சென்னையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், நமக்குப் பக்கத்து ஊரான திருப்பத்தூர், கடல் தாண்டி ரங்கூன், நேட்டால் என்று கிளைகள் பரவின. டர்பனின் ஓவர்போர்ட் பகுதியில் 1917இல் ராஜாராம் தாஸ் முன்னின்று பௌத்த சாக்கிய சங்கம் அமைத்தார். யார் இதைப் பரப்பியது? எந்த மடாதிபதியும் இல்லை. சுரங்கத்துக்குள்ளே இறங்கினவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன், பட்டாளத்தில் சமையல் செய்தவன். வேலைக்குப் போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைச் சத்தமாக வாசித்தவன்தான் அங்கே தர்மப் பிரசாரகன். தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும் வரைக்கும் அங்கே போகாத குடும்பம் நம்ம பக்கம் குறைவு. உங்க பாட்டன் அங்கே பாறை மட்டுமா உடைத்தான்? என்ன படித்தான், எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தான்? கேட்டிருக்கீங்களா?

கேட்டிருக்க மாட்டீங்க. கேட்டாலும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாங்க. ஏன்? இந்த மௌனத்தைத்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வேண்டும்.

1950இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி அல்ல என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. எந்த அரசும் கேட்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்றும், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்றும் சொன்னது.

இதோட அர்த்தம் என்ன? உங்க கொள்ளுத் தாத்தா கண்டியில் உபதேசியாராக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேதி உங்க வீட்டுக்குப் பெருமை இல்லை, ஆபத்து. பேரனுக்கு சான்றிதழ் வேணும். தாசில்தார் ஆபீசுல விசாரணை வருது. பக்கத்து வீட்டுல கேப்பாங்க, 'இவங்க வேதக்காரங்களா?'ன்னு. ஆயா என்ன பண்ணும்? படத்தை எடுத்துப் பெட்டியில வச்சுடும். பைபிள்ல எழுதி வச்ச பேரு பட்டியலைக் கிழிச்சுடும். 'அவரு எங்கயோ போனாரு, தெரியலப்பா'ன்னு சொல்லிடும். அந்தப் பொய்யில் ஆயாவின் குற்றம் எதுவும் இல்லை. சாதியை மதம் மாறினாலும் விடாத சமூகம் ஒரு பக்கம், மதம் மாறினால் சாதிக் கொடுமையே இல்லை என்று சொல்கிற சட்டம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்ற ஆயா தன் அப்பனின் பெயரைப் பலி கொடுத்தாள். பார்ப்பனியம் நம்ம வரலாற்றை எழுதாமல் விட்டது போதாதென்று, நம்ம கையாலேயே அழிக்க வைத்திருக்கிறது.

மிச்சம் இருந்ததைத் தீ வைத்துக் கொளுத்துகிறார்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போக முடியாது. 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று ஊர்களிலும் 250க்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். நகை போச்சு, வண்டி போச்சு என்று கணக்கெடுத்தார்கள். பள்ளிச் சான்றிதழ், பட்டா, செத்துப்போன அப்பாவின் ஒரே படம், இதெல்லாம் எந்த நிவாரணக் கணக்கில் வரும்? சேரியில் தீ வைக்கிறவன் வீட்டை மட்டும் எரிப்பதில்லை. நேற்று என்று ஒன்று உனக்கு இல்லை என்று சொல்லித்தான் எரிக்கிறான்.

அதனால தேடுவது பொழுதுபோக்கு இல்லை, போராட்டம். எப்படித் தேடுவது?

முதல்ல வயசானவங்ககிட்ட உட்காருங்க. பேரு என்னன்னு நேரா கேட்டா வராது. சாவு வீட்டுல யாரு யாருக்குப் பங்காளி, யாரு மாமன் மச்சான்னு கேளுங்க. 'அக்கரைக்கு யாராவது போனாங்களா, ரங்கூனு, நேட்டாலு, கண்டி?'ன்னு கேளுங்க. ஆயா வழியையும் கேளுங்க. பொண்ணு கட்டிப் போன ஊரு, பொண்ணு எடுத்த ஊரு, இதுதான் நம்ம வரைபடம். ஆம்பளைப் பேரை மட்டும் எழுதினா பாதிக் குடும்பம் காணாம போகும். உபதேசியார் பெண்டாட்டியும் லயத்துல பிள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவதான்.

இரண்டாவது, சபைப் பதிவேடு. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் கோயிலில் எழுதி வைப்பார்கள். லண்டன் மிஷன் 1827இலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. அதன் பழைய கடிதங்கள் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் அதற்கு முந்தையதும் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள். முனியன் ஞானஸ்நானம் வாங்கி மோசேயாகியிருப்பான். கப்பல் பட்டியலில் கிறித்தவனென்றால் சாதிக் கட்டத்திலேயே 'கிறித்தவன்' என்று எழுதியிருப்பான். ஊர்ப் பெயர் வெள்ளைக்காரன் காதில் விழுந்த மாதிரி இருக்கும். அதனால் தகப்பன் பெயர், தாலுகா, வயசு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, நிலம். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் பெயரில் இருந்தது என்று தாலுகா பதிவேட்டில் தேடுங்கள். 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்கப் பாட்டன் பெயர் தெரிய வேண்டும். வம்சாவளி என்பது நமக்குப் பட்டாவும்தான்.

கடைசியாக ஒன்று. பாட்டன் கிடைத்தவுடனே அவரைப் புனிதராக்கி மாலை போட்டுவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். தோட்ட முதலாளிகள் கூலி மிஷனுக்கு ஏன் பணம் கொடுத்தார்கள்? அடங்கி நடக்கிற கூலி வேண்டுமென்றுதானே? நம்ம உபதேசியார் கங்காணி பக்கம் நின்றாரா, கூலி பக்கம் நின்றாரா? சபைக்குள்ளேயே சாதி இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டொழியுங்கள் என்று எழுதியபோது தென்னாட்டுச் சபைகளில் ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். தனிக் கல்லறை இன்றும் ஒழிந்துவிடவில்லை. அதை நம்ம உபதேசியார் எதிர்த்தாரா, சகித்தாரா? இரண்டும் நடந்திருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, 1939இல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதி வைத்தார். சிறிய புத்தகம்தான். அது இல்லாவிட்டால் அவரையும் நாம் பாதி இழந்திருப்போம். நீங்க எழுதுங்க. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுதினதை ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணை வேற ஊர்ல இருக்கிற தோழர் வீட்டுல வையுங்க. செல்போன்ல படம் எடுத்தும் வையுங்க. ஒரு வீடு எரிஞ்சாலும் பேரு எரியக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் தாத்தாவோட அப்பா பேரையும், ஆயாவோட அம்மா பேரையும் எழுதிக்கிட்டு வாங்க. அங்கேயிருந்து ஆரம்பிப்போம்.

ஜெய்பீம்.